ஏதோ இருக்கேன்

(போடிநாயக்கனூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கு 'எப்போதும் பாசிட்டிவாக இருப்பது எப்படி' என்றுதான் முதலில் தலைப்புக் கொடுத்தார்கள். நான் போன் செய்து மாற்றச் சொன்னேன். எப்போதும் அப்படி இருக்க எனக்குத் தெரியாது. அப்படி இருப்பவர் யாரையும் நான் பார்த்ததும் இல்லை. மனசு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருண்டு கிடக்கும்போதும் ஒரு மனுஷி எப்படி அடுத்த நாளுக்குப் போய்ச் சேர்கிறாள் என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில்தான் பார்த்தேன். "எப்படி இருக்க?" என்று கேட்டால் நம் பக்கத்தில் ஒரு பதில் சொல்வோம்: "ஏதோ இருக்கேன்." இன்று அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விடிவதற்கு முன்னால், மலைத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போக நம் ஜீப் நிற்கும் இடங்களுக்குப் போனால் தெரியும். ஒரு கையில் தூக்குவாளி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மழைக்காலமென்றால் தலையில் போட்டுக்கொள்ள மடித்து வைத்த கொங்காணி. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். ஜீப்புக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி விசாரிப்பார்கள். அங்கே "ஏதோ இருக்கேன்" என்று ஒருத்தி சொன்னால் பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். மேலே தோட்டத்தில் கங்காணி கேட்டால் பதில் வேறு: "நல்லாருக்கேண்ணே." இரண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சின்ன வயதிலேயே நான் கவனித்துவிட்டேன். ஏனென்றால் அந்த ஜீப்பில் என் அம்மாவும் போனாள்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரமே அம்மா காய் எடுப்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். சாயங்காலம் வந்ததும் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்ப்பாள். விளக்குப் போடாமல் அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். சேலையிலிருந்து ஏலக்காய் வாசம் வரும். களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். களைப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், பல வருடம் கழித்து நானே அப்படி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

'கவலையா இருக்கு' என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நடு முதுகு பிடிக்குது என்பாள். தலை கனக்குது, நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு என்பாள். காய் எடுப்பு முதுகைப் பிடிக்கிற வேலைதான். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது தூரில், தரையோடு ஓடும் சரத்தில். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். அதனால் முதுகு வலி என்று சொன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் நம்பினார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள். "ராத்திரி தூக்கம் வருதாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டில் நாங்களும் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீராத சோகம் நம் ஊரில் உடம்பின் வழியாகத்தான் பேசும். அசதி, வயிற்றெரிச்சல், சோறு இறங்காமை, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, எதிலும் ஆசை இல்லாமல் போனால் அதை மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவம். இன்னொரு வகை உண்டு. ஆளைக் கிடத்திப் போடாது. வேலைக்குப் போவார்கள், சமைப்பார்கள், கல்யாணத்துக்கு மொய் எழுதுவார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் மனசில் வெளிச்சமே இருக்காது. அதற்கும் மருத்துவத்தில் தனிப் பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. அந்த வகைக்காரர்களைப் பார்த்துத்தான் 'அது அவ சுபாவம்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். என் அம்மாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா இருந்தபோது தெரு முழுக்கக் கேட்கச் சிரித்தவள் அவள்.

நான் தமிழ் டீச்சர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். அழுகை எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்ல வந்த தொல்காப்பியர் நான்கு காரணங்கள் சொல்கிறார். இளிவு: பிறர் நம்மை இழிவாக நடத்துவது. இழவு: உயிருக்கு உயிரானவர்களை இழப்பது. அசைவு: முன்பு இருந்த நல்ல நிலை கெட்டுப்போவது. நான்காவது வறுமை. நாலு பேர் முன்னால் கங்காணியிடம் பேச்சு வாங்கியவளை எனக்குத் தெரியும். தாலி இழந்ததால் சொந்தத் தம்பி கல்யாணத்தில் பின்வரிசையில் நின்றவளையும் தெரியும். நான்கு காரணங்களுமே அழுகிறவரின் தலைக்கு வெளியே நடப்பவை. 'மன உறுதி இல்லாமை' என்று ஐந்தாவதாக ஒன்றை அவர் சேர்க்கவில்லை. அதை நாம்தான் சேர்த்துவிட்டோம். சேர்த்துவிட்டு, அழுகிறவரிடம் போய் "பாசிட்டிவா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்தேன். என் கணவர் இறந்து மூன்று வருடம் நான் சரியாக இல்லை. பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள்: சிரிச்ச முகமா இருங்க டீச்சர், நல்லதையே நினைங்க. ஒரு பயிலரங்கில், தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று இருபது தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு குரல் 'பொய்' என்றது. முதலில் சோகம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு, மகிழ்ச்சியாக இருக்கக்கூடத் துப்பில்லாதவள் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

இது என் ஒருத்தியின் அனுபவம் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 'நான் நேசிக்கத் தகுந்தவள்' என்ற பொருளுள்ள வாக்கியத்தை ஆட்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஏற்கெனவே தன் மேல் நல்ல மதிப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்குத்தான் அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட நினைப்பே வரக்கூடாது என்று தள்ளுவதும் இப்படித்தான். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று நம் பாட்டிமார் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார். நினைக்காதே என்று தடுக்கப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கிய பிறகு இன்னும் அதிகமாக வந்தது.

அப்படியானால் என்னதான் செய்வது? அதே மெய்ப்பாட்டியலில், உவகைக்கும் நான்கு காரணங்கள் உண்டு. செல்வம், அறிவு, அன்புக்குரியவரோடு கூடியிருத்தல், விளையாட்டு. ஆறு, குளம், சோலை என்று போய் ஆடி வருவதுதான் விளையாட்டு என்பது உரை. மனசைப் பார்த்து 'மகிழ்' என்று கட்டளையிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. காலும் கையும் போகிற இடத்துக்குப் பின்னால்தான் மனசு வருகிறது. சில நாள் வராமலும் இருக்கும்.

என் விஷயத்தில் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர்தான் கதவைத் தட்டியவர். ஒரு சாயங்காலம் வந்து, "பேச வேண்டாம் டீச்சர், சும்மா நடந்துட்டு வருவோம், செருப்ப மாட்டுங்க" என்றார். பரமசிவன் மலை அடிவாரம் வரை போய்த் திரும்பினோம். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் நான் வரவில்லை என்றேன். சரி என்று என் வீட்டுப் படியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான்காம் நாள் மறுபடியும் வந்தார். நடந்ததால் சோகம் போகவில்லை. ஆனால் ஒரு நாளில் அரை மணி நேரம் சுவரைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன்.

அந்த அரை மணி நேரத்துக்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள ஏறத்தாழ 500 பேரை வைத்து விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. ஆலோசனை சொன்னவர்கள் மனநல டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள். மனசு சரியானதும் செய்வோம் என்று காத்திருக்காமல், விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை, பழக்கங்களை, மனிதர்களை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பதுதான் அந்த முறையின் உயிர். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறினார்கள்.

ஜிம்பாப்வேயில் இன்னும் நெருக்கமான ஒன்று நடந்தது. அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு மக்கள் சொல்லும் பெயர் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். 'யோசனை ஜாஸ்தியாயிருச்சு' என்று நாம் சொல்வதேதான். டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் பாட்டியிடம் பேசுவார்கள். பாட்டி புத்தி சொல்வதில்லை, கேட்பார். இருக்கிற பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அதனால் பலன் இருந்தது என்று 2016-ல் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அந்தப் பெஞ்சைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் தெருத் திண்ணைகள் ஞாபகம் வந்தன. வீடு இடித்துக் கட்டும்போது நாம் முதலில் எடுத்துவிடுவது திண்ணையைத்தான்.

ஒன்றை மட்டும் எடுத்தல் என்பது மலைக்குப் போய்த் திரும்பி நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்குப் புதிது இல்லை. ஏலத்தோட்டத்தில் ஒரே நாளில் எல்லாக் காயையும் உருவ முடியாது. ஒரே சரத்தில் விளைந்த காயும் இருக்கும், பிஞ்சும் பூவும் இருக்கும். விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அதே தூருக்கு மறுபடி வருகிறீர்கள். பிஞ்சைத் தொட்டால் திட்டு விழும். துக்கத்தில் இருப்பவளிடம் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே நாளில் உதிர்த்துவிடச் சொல்கிறோம்? அவள் இன்று தலை குளித்தாள் என்றால் இந்தச் சுற்றுக்கு அது போதும்.

நடை மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு டீச்சர்தான் என்னை டாக்டரிடமும் கூட்டிப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்குத் தைராய்டு குறைவாக இருந்தது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, இவையெல்லாம் மனச்சோர்வு போலவே தோன்றும், இருக்கிற சோர்வைக் கூட்டவும் செய்யும். வருடக்கணக்காக 'என்னமோ மாதிரி இருக்கு' என்று சொல்கிற பெண்ணுக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யாமல் தத்துவம் பேசுவது தவறு. தைராய்டு மாத்திரையோடு மனச்சோர்வுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அது தலைவலி மாத்திரை மாதிரி ஒரு மணி நேரத்தில் கேட்காது. இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை, வாய்தான் உலர்ந்தது. ஏழாவது வாரத்தில் ஒருநாள் ரசத்தில் புளிப்புத் தெரிந்தது. எத்தனை காலமாக நாக்கில் எதுவுமே தெரியாமல் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தக்கூடாது என்றார்கள், நிறுத்தவில்லை. நம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இதற்குக் காசு தேவையில்லை. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று தெருவில் பேசுவார்களே என்ற பயம்தான் நம்மைத் தடுக்கிறது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசிடம் மனநல சிகிச்சை கேட்பதை நம் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

இப்போது எல்லோரும் கொஞ்சம் சங்கடப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். சோகத்துக்கு மாத்திரை, நடை என்று மட்டும் பேசினால் அது பாதிப் பேச்சு. தொல்காப்பியர் வறுமையைக் காரணமாகச் சொன்னார் என்றேன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள் உண்டு. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து போடிமெட்டில் வழி அடைத்தபோது கூலி அப்படியே நின்றது. அந்த வருடம் ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். வெந்த உடம்பைத் தோளில் சுமந்த ஒருவரிடம் போய் நல்லதையே நினை என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குத் தேவை கேட்கிற ஒரு காது. கடன் வாங்கியவருக்குத் தேவை தவணை நீட்டிப்பு. ஜீப்பில் போகிறவளுக்குத் தேவை நியாயமான கூலியும், ஓட்டை உடைசல் இல்லாத வண்டியும். இவற்றைக் கேட்டுப் போராடுவதும் மனநலத்துக்கான வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் மலையில் மருந்து அடிப்பு அதிகம். பூச்சிமருந்து டப்பா தோட்டத்திலிருந்து வீட்டுப் பரணுக்கு வந்துவிடுகிறது. தயவுசெய்து அதை வீட்டில் வைக்காதீர்கள். சாக முடிவெடுக்கும் நிமிடம் பெரும்பாலும் கடந்துபோகிற நிமிடம். அந்த நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரையே தீர்மானிக்கும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலை, 2005-ல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அங்கே போர் முடிவுக்கு வரவில்லை, வறுமை தீரவில்லை. மருந்து கைக்கு எட்டவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். வீட்டில் யாராவது 'நான் இருந்து என்னத்துக்கு' என்று சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பூட்டி வைத்த ஒருவருக்குக் கதவு திறந்த மாதிரி இருக்கும். தனியாக விடாமல் கூட இருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

தொடங்கிய சொல்லுக்கே திரும்பி வருகிறேன். தமிழ்ப் பாடத்தில், முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். போனவன் திரும்பி வரும் வரை தாங்கிக்கொண்டு இருப்பது. என் அம்மா ஏறிய மலை குறிஞ்சி. ஆனால் அவள் வாழ்ந்தது இருத்தல். திரும்பி வராதவருக்காகவும் விளக்கேற்றி, சோறாக்கி, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பி இருந்தாள். 'ஏதோ இருக்கேன்' என்ற பதிலில் 'ஏதோ' என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம். 'இருக்கேன்' என்பதும் அதில் இருக்கிறது. இதைவிட உண்மையான நம்பிக்கைச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் தனியாக இருந்தாள். பத்தொன்பது வருடம் தனியாக. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கி வரும் நேரம். "எப்படித்தா இருக்க?" என்று கேட்டாள். நல்லாருக்கேம்மா என்று வாய் வரை வந்தது. அன்றைக்கு என் கணவர் இறந்த திதி, அவளுக்கும் அது தெரியும். "ஏதோ இருக்கேம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "இங்கன உக்காரு" என்றாள்.